பொன்னித் தூதன் போட்ட ஒரே திருத்தம்

'பொன்னித் தூதன்' என்று தஞ்சாவூரில் ஒரு மாலைப் பத்திரிகை வந்துகொண்டிருந்தது. அறுபத்து மூன்று வருடம் வந்தது. மார்ச் முப்பத்தொன்றாம் தேதியோடு நின்றது. நின்றதே தெரியாதவர்கள்தான் ஊரில் அதிகம். அவர்களைக் குற்றம் சொல்லி என்ன ஆகப்போகிறது? கடைசி வருடத்தில் நாங்கள் அச்சடித்ததே அறுநூறு பிரதி. அதிலும் பாதி பஜ்ஜி மடிக்கப் போயிருக்கும்.

அந்தக் கடைசி இதழில் பத்திரிகையின் வரலாற்றை ஒரு முழுப்பக்கம் எழுதும்படி முதலாளி ஹரிஹரசுப்ரமணியன் என்னிடம் சொன்னார். அவருக்கு அடுத்த மாதம் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். பத்திரிகையை மூடிவிட்டு, மாலையை மாற்றிக்கொண்டு, சென்னையில் மகள் வீட்டோடு போய்விடுவதாகத் திட்டம்.

"நல்லதா நாலு விஷயம் எழுதுங்கோ சாம்பசிவம். ஒப்பாரியா வேண்டாம்" என்றார்.

சாம்பசிவம் என்பது நான்தான். முப்பத்தெட்டு வருடம் அங்கே துணை ஆசிரியர். ஆசிரியர் நாற்காலி முதலாளி குடும்பத்துக்கு என்று ஆகிவிட்டதால், செத்தாலும் துணைதான். எனக்கு முன்கோபம் அதிகம் என்பார்கள். இருக்கட்டும். ஒற்று எங்கே வரும் என்று தெரியாத நிருபர்களோடு முப்பத்தெட்டு வருடம் மாரடித்துப் பாருங்கள், உங்களுக்கும் வரும்.

நல்லதா நாலு விஷயத்துக்குப் பஞ்சமில்லை. இப்போதைய முதலாளியின் அப்பா, நாங்கள் பெரியவர் என்று சொல்வோம், 1961-இல் கீழவாசலில் மிதிக்கிற அச்சு இயந்திரம் ஒன்றை வைத்துக்கொண்டு ஆரம்பித்தார். முதல் பக்கத்தில் வலது மேல் மூலையில் மேட்டூர் நீர்மட்டம். எந்த வாய்க்காலில் என்றைக்குத் தண்ணீர் முறை என்பது அதற்குக் கீழே. அதைப் பார்த்துத்தான் நாற்றங்கால் விட்டார்கள், நடவு வைத்தார்கள். எழுபத்தேழு புயலில் அச்சகத்துக் கூரை பறந்தபோதும் இரண்டு பக்கம் வந்தது. மூன்று மணிக்குக் கட்டு கட்டி பஸ்ஸில் போட்டால் ஆறு மணிக்குள் மன்னார்குடி, குடவாசல், கூத்தாநல்லூர் வரைக்கும் டீக்கடை பெஞ்சில் கிடக்கும். ஒருவன் உரக்கப் படிக்க, பத்துப் பேர் கேட்பார்கள். பத்தொன்பதாயிரம் பிரதி போன காலம் உண்டு.

இன்னொரு பெருமையும் எங்களுக்கு இருந்தது. பொன்னித் தூதன் ஒரு நாளும் திருத்தம் போட்டதில்லை. தவறு நடக்காததால் இல்லை. தினமும் நடந்தது. ஆனால் திருத்தம் போட்டால், அதுவரை நம்பினவனும் நம்ப மாட்டான் என்பது பெரியவருடைய கட்சி. அதற்குப் பதிலாக அவர் ஒரு வழி வைத்திருந்தார். அதற்கு அலுவலகத்தில் 'ஈடு' என்று பெயர். யாரைப் பற்றித் தப்பாகப் போட்டோமோ, அவரைப் பற்றி அந்த வாரத்துக்குள் நல்லதாக ஒரு செய்தி போட்டுவிடுவது. ஒரு முறை திருவையாற்றில் உயிரோடு இருந்த தலைமை ஆசிரியரைக் காலமாக்கிவிட்டோம். மனிதர் குடையும் கையுமாக நேரே வந்து நின்றார். காபி கொடுத்து அனுப்பினோம். இரண்டு நாள் கழித்து அவர் மரம் நடுவிழாவில் பேசியதாகப் போட்டோவோடு வந்தது. மரமும் கிடையாது, விழாவும் கிடையாது. அவருக்கு ஒரே சந்தோஷம்.

இதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தேன். இதழ் வர இன்னும் இரண்டு நாள் இருந்தது. காலை பத்தரை மணி இருக்கும், ஒரு அம்மாள் படியேறி வந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கையில் மஞ்சள் பை.

"சாம்பசிவம் சாருங்களா?"

"ஆமாம், சொல்லுங்க."

"கீழச்செம்பியூர்லேருந்து வர்றங்க. ராமாயிங்க. கூத்தாநல்லூர்ல ஜெகபர் அலி பாயி, ஸ்கூல் பை கடை வச்சிருக்காரே, அவருதான் பத்திரிகைய மூடப்போறாங்களாம், போயி சாம்பசிவம் சாரையே பாருன்னு சொன்னாருங்க."

ஜெகபர் அலி என்ற பெயரைக் கேட்டு இருபத்தாறு வருடம் ஆகியிருந்தது. அந்த அம்மாள் பையிலிருந்து பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்தார். உள்ளே நான்காக மடித்த ஒரு பத்திரிகைத் துண்டு. பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியமே எனக்கு இல்லை. தலைப்பு எனக்கு மனப்பாடம். 'களத்தைக் காத்தவனே நெல் திருடினான்.' அந்தத் தலைப்பை வைத்தவன் நான்தான்.

அதைச் சொல்லிவிடுகிறேன். 1998 ஜனவரி, பொங்கல் முடிந்த முதல் திங்கட்கிழமை. சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தது. ஜெகபர் அலி அப்போது கூத்தாநல்லூரில் எங்கள் நிருபர். செய்தியை வெள்ளைத்தாளில் எழுதி, கவரில் போட்டு, முதல் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார். முத்து முத்தான கையெழுத்து. ஒரு பிழை இருக்காது. அன்று வந்ததில் இருந்தது இது: கீழச்செம்பியூரில் பதினொரு தொழிலாளர் குடும்பங்களின் கூலி நெல் பதினான்கு மூட்டை களத்தில் கிடந்தது. காவல் இருந்தவர் செல்லதுரை. அந்த மூட்டைகளை நிலக்காரர் வீட்டுப் பிள்ளை வெங்கட்ராகவன் டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டதாகச் செல்லதுரை புகார் கொடுத்தார். போலீசார் வெங்கட்ராகவன் மீது வழக்குப் பதிந்தார்கள்.

நான் படித்தேன். அலி பெயரை மாற்றி எழுதிவிட்டார் என்று நினைத்தேன். சந்தேகம்கூட இல்லை, நிச்சயமாகவே நினைத்தேன். நூறு வேலி நிலம் வைத்திருந்த வீட்டுப் பையன் பதினான்கு மூட்டை கூலி நெல்லை எதற்குத் தொடப்போகிறான்? களத்தில் காவல் கிடப்பவன் எடுத்தான், நிலக்காரன் புகார் கொடுத்தான், அதுதானே நடக்கும்? சிவப்புப் பேனாவை எடுத்து இரண்டு பெயரையும் இடம் மாற்றினேன். 'அவர்' என்று அலி எழுதியதை 'அவன்' ஆக்கினேன். அலியின் கடைக்குப் பக்கத்துக் கடையில் போன் இருந்தது. நம்பர் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியிலேயே இருந்தது. கேட்கத் தோன்றவில்லை. அவசரம் என்று சொல்லித் தப்பிக்கலாம். பொய். பக்கம் முடிக்க இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. எங்கள் தாத்தாவுக்கும் திருவையாற்றுப் பக்கம் நிலம் இருந்தது, நானும் அந்தக் கண்ணால்தான் பார்த்தேன். அவ்வளவுதான் காரணம்.

மாலை கட்டு போய்ச் சேர்ந்ததும் அலி போன் செய்தார்.

"அண்ணே, மாத்திட்டீங்களேண்ணே. புகார் கொடுத்தவரே அவருதாண்ணே. இங்க டீக்கடையில சத்தமாப் படிக்கிறானுவ. அவரு அங்கதான் நிக்கிறாரு."

பெரியவரிடம் போய்ச் சொன்னேன். "ஈடு பண்ணிடலாம்டா. வியாழக்கிழமை போடு" என்றார். நானே எழுதினேன். நேர்மையான களக்காவலர் செல்லதுரைக்கு ஊர் மக்கள் பாராட்டு. எழுத்துக் கோத்து, மெய்ப்புப் பார்த்து, தயாராக வைத்திருந்தோம். செவ்வாய்க்கிழமை போலீஸ் செல்லதுரையைக் கூப்பிட்டு, பேப்பரிலேயே வந்துவிட்டதே என்று கேட்டிருக்கிறார்கள். நெல்லை இழந்த அந்தப் பதினொரு குடும்பமும் அவர் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. புதன்கிழமை விடியற்காலையில் அவர் பயிருக்கு அடிக்கிற மருந்தைக் குடித்துவிட்டார். வியாழக்கிழமை அந்த ஈட்டுச் செய்தியைப் பிரித்து எழுத்துகளைப் பெட்டியில் போட்டோம். செத்ததைப் பற்றி ஒரு வரி போடக்கூடாது என்று பெரியவர் சொல்லிவிட்டார். நானும் வாயைப் பொத்திக்கொண்டேன். அலி அதற்குப் பிறகு கவர் அனுப்பவே இல்லை.

இப்போது செல்லதுரையின் மனைவி என் எதிரில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"எனக்கு ஒண்ணும் வேணாங்க. இது பொய்யின்னு ஒரு வரி போடுங்க. மூடுறதுக்குள்ள போட்டுடுங்க."

"இத்தனை வருஷம் கழிச்சு எதுக்கும்மா?"

கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் அவருக்குக் கோபம் வரவில்லை.

"எம் மவன் இளவழகன் வாத்தியாரா இருக்கான். வர்ற வெள்ளிக்கிழமை புது வீடு குடிபோறோம். அவங்க அப்பா போட்டோவ வீட்டுல மாட்டணும்னு சொல்றேன். மாட்ட வுடமாட்டேங்கிறான். அவரு போனப்ப இவனுக்கு ஒம்போது வயசு. பள்ளிக்கூடத்துல நெல்லுதிருடன் மவன்னே கூப்புட்டு கூப்புட்டு, அவனும் அதையே நம்பிட்டான். இனிஷியல்கூட அவரு பேரு போடறதில்லைங்க, எம் பேருதான். நான் சொல்லிச் சொல்லி வாயி ஓஞ்சிபோச்சு. பொய்யா இருந்தா பேப்பர்காரன் மறுநாளே பொய்யின்னு போட்டுருக்க மாட்டானான்னு கேக்குறான். நான் என்ன சொல்லட்டும்? எனக்குப் படிக்கவும் தெரியாது."

"வேற ஏதாவது கேக்குறாரா?"

"ஒண்ணு கேப்பான். திருடாதவரு எதுக்கு மருந்து குடிச்சாரு, நம்மள வுட்டுட்டு எதுக்குப் போனாருன்னு. அதுக்குத்தாங்க எனக்கு அழுவ வந்துடும்."

நான்தான் மாற்றினேன் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "போட்டுடறேம்மா, நானே கொண்டுவந்து தர்றேன்" என்று மட்டும் சொன்னேன். அவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டு நான் நின்றேன் பாருங்கள், அதைப்போல ஒரு கேவலம் என் வாழ்க்கையில் இல்லை.

முதலாளியிடம் போனேன். சண்டை போடத் தயாராகப் போனேன். அவர் கல்யாண மண்டபத்துக்காரனோடு போனில் இருந்தார். நான் சொன்னதைப் பாதிதான் கேட்டார்.

"வெங்கட்ராகவன் பேரைப் போடாதீங்கோ. மத்தபடி எழுதிக்கோங்கோ. நாளைக்கு யார் கேக்கப்போறா?"

அவ்வளவு சுலபமாக முடிந்தது. இருபத்தாறு வருடமாக மலை மாதிரி நினைத்துக்கொண்டிருந்தது, ஒரு போன் பேச்சுக்கு நடுவில் முடிந்துவிட்டது. முன்னாடியே கேட்டிருந்தால் என்ன என்று எனக்கே என்மேல் எரிச்சலாக வந்தது.

உட்கார்ந்து எழுதினேன். நாலு வாக்கியம். 1998 ஜனவரி 19 அன்று கீழச்செம்பியூர் செல்லதுரை நெல் திருடியதாக இந்தப் பத்திரிகையில் வெளியான செய்தி தவறு, அவர் திருடவில்லை, புகார் கொடுத்தவரே அவர்தான் என்பது முதலாவது. நிருபர் சரியாக எழுதி அனுப்பியதை அலுவலகத்தில் மாற்றியதால் இந்தத் தவறு நேர்ந்தது என்பது இரண்டாவது. அந்தப் பொய்ச் செய்தியால் நேர்ந்த அவமானம் தாங்காமலே அவர் உயிரை விட்டார் என்பது மூன்றாவது. மாற்றியவன் துணை ஆசிரியர் சாம்பசிவம் என்பது நாலாவது. எழுதி முடித்தபோது மனசு லேசாக இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

முப்பத்தொன்றாம் தேதி காலை பக்கம் வைத்தார்கள். பக்கம் வைக்கிற மாலதி கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே கூப்பிட்டாள். வரலாற்றுப் பக்கத்தின் அடியில்தான் திருத்தத்துக்கு இடம் விட்டிருந்தது.

"சார், இந்தத் திருத்தம் இடத்துல அடங்கலை. ஆறு வரி வெளிய நிக்குது."

"வரலாறுல ஏதாவது எடு."

"அது எல்லாம் நீங்க கோத்து எழுதினது சார், எதை எடுக்குறது? உங்க போட்டோவ எடுத்தா சரியா நின்னுடும்."

வரலாற்றின் ஓரத்தில் என் போட்டோ இருந்தது. முப்பத்தெட்டு ஆண்டு பணியாற்றிய துணை ஆசிரியர் சாம்பசிவம் என்று கீழே ஒரு வரி. முதலாளி சொல்லித்தான் வைத்தது. முப்பத்தெட்டு வருடத்தில் என் முகம் அந்தப் பத்திரிகையில் வந்ததே இல்லை. மெய்ப்பை வாங்கிப் பார்த்தேன். மேலே என் முகமும் பெயரும். கீழே, மாற்றியவன் சாம்பசிவம். ஊரில் ஒருவன் பார்த்தால் போதாதா, சொந்தக்காரன் ஒருவன் பார்த்தால் போதாதா என்று பயம் வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பயம்தான். வயதான காலத்தில் எதற்கு என்று தோன்றியது. அவர் திருடவில்லை என்பதுதானே அந்த அம்மாள் கேட்டது, அது முதல் வாக்கியத்திலேயே வந்துவிட்டதே என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

"கடைசி ரெண்டு வாக்கியத்தை எடுத்துடும்மா, ஆறு வரி போயிடும். போட்டோ இருக்கட்டும்" என்றேன்.

மாலதி என்னை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். எடுத்துவிட்டாள்.

இரண்டே முக்காலுக்கு இதழ் கையில் வந்தது. முதலாளி லட்டு கொடுத்தார். நான் பத்துப் பிரதியை எடுத்துக்கொண்டு மன்னார்குடி பஸ் ஏறினேன். அங்கே மாறி, கூத்தாநல்லூரில் இறங்கி, ஆட்டோ பிடித்து, கீழச்செம்பியூர் போனபோது ஐந்தரை மணி. கோடை உழவுக்கு வயலெல்லாம் வெடித்துக் காத்துக் கிடந்தது. புது வீடு தெருமுனையிலேயே இருந்தது. பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் இளவழகன் வீட்டில்தான் இருந்தார். முப்பத்தைந்து வயது. எலக்ட்ரிகல் வேலை பார்த்தவன் விட்டுப்போன ஒயர் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

ராமாயி என்னைப் பார்த்ததும் உள்ளே ஓடினார். துண்டில் சுற்றிய போட்டோவோடு வெளியே வந்து, சுவரோரமாக நின்றார். ஏற்கெனவே அங்கே ஓர் ஆணி அடித்திருந்தது. அவரே அடித்திருக்க வேண்டும்.

"யாரு சார் நீங்க?"

"பொன்னித் தூதன்லேருந்து வர்றேன் தம்பி. உங்க அப்பாவைப் பத்தித் திருத்தம் போட்டிருக்கோம்."

அவர் முகம் இறுகியது. பேப்பரை வாங்கினார். நின்றபடியே படித்தார். இரண்டு வாக்கியத்தைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகும்? அவர் வெகு நேரம் படித்தார். அம்மாவுக்காக ஒரு தரம் வாய்விட்டும் படித்தார். 'அவர் திருடவில்லை' என்ற இடத்தை மறுபடியும் படித்தார். ராமாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"நான் சொன்னேன்ல? நான் சொன்னேன்லடா?"

"இரும்மா." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, திரும்பவும் பேப்பரைப் பார்த்தார். மேலே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இந்தப் போட்டோ நீங்கதானே? முப்பத்தெட்டு வருஷம்னு போட்டிருக்கு. அப்ப தொண்ணூத்தெட்டுலயும் நீங்க இருந்திருக்கீங்க."

"இருந்தேன்."

"அலுவலகத்தில் மாற்றியதால்னு இருக்கே. மாத்துனது யாரு?"

இதற்கு மேல் எங்கே ஓடுவது? "நான்தான்" என்றேன்.

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாணவனின் நோட்டை வாத்தியார் திருப்பிப் பார்ப்பது போல அவர் பேப்பரைத் திருப்பி, பின்பக்கமும் பார்த்துவிட்டு, மறுபடி அதே இடத்துக்கு வந்தார்.

"திருடல. சரி சார். அப்ப எங்களை விட்டுட்டு ஏன் செத்தாரு? அது இதுல இல்லையே."

"நாங்க போட்ட செய்தியாலதான் தம்பி. அந்த அவமானம் தாங்காம. வேற ஒரு காரணமும் இல்லை."

"இத யாரு சொல்றா? நீங்க சொல்றீங்க. இருபத்தாறு வருஷமா எங்க அம்மாவும் இதையேதான் சொல்லுது. அதையே நான் நம்பல. நெஞ்சுல ஏதோ தப்பு இருக்கப் போயிதான் குடிச்சாருன்னு இந்த ஊரே பேசுச்சு, நானும் பேசியிருக்கேன், எங்க அம்மா மூஞ்சிக்கு நேரேயே பேசியிருக்கேன். அன்னைக்கு அச்சுல போட்டீங்க. ஊரு நம்புச்சு. இதையும் அச்சுல போட்டாத்தானே நான் நாலு பேருகிட்ட காட்ட முடியும்?"

"எழுதினேன் தம்பி. அதுவும் எழுதினேன். இடம் பத்தலைன்னு..." என்று ஆரம்பித்தேன். என் போட்டோ அவர் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் இருந்தது.

"வேணும்னா நான் கைப்பட எழுதி, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

"கையால எழுதினத வச்சு நான் என்ன சார் பண்றது?" அவர் குரலில் இப்போது கோபம் இல்லை. கெஞ்சுகிற மாதிரி இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "ஒரு வரிதானே. நாளைக்குப் போட்டுடுங்க. பேப்பர் வந்ததும் நானே என் கையால அவரு போட்டோவ மாட்டுறேன்."

ராமாயி போட்டோவைத் துண்டிலிருந்து எடுத்து, மார்போடு பிடித்துக்கொண்டு, என்னையே பார்த்தார். பத்திரிகை மூடுவது அவருக்குத் தெரியும், மகனுக்குத் தெரியாது போலிருந்தது. ஆனாலும் பார்த்தார்.

"நாளைக்குப் பேப்பர் கிடையாது தம்பி" என்றேன்.